நல்லாய் வாசிப்பாள் என்று நான் சொன்னது

1

எனக்கு வடிவாக எழுத வராது. முதலே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்துவிட்டார்கள். வயதும் எழுபதுக்குக் கிட்ட. முன்னுக்கு நடந்தது பின்னுக்கு வரும், பேர்கள் வாய்க்குள் வந்து நின்றுவிடும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து வருகிற உங்கள் சஞ்சிகையைத் தம்பி வாசித்த பிறகு நான் எடுத்து எழுத்துக்கூட்டி வாசிப்பேன். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் குளிரைப் பற்றி, வீடு வாங்கினதைப் பற்றி, பிள்ளைகள் பட்டம் எடுத்ததைப் பற்றி எழுதுகிறார்கள். சந்தோஷம். வாசிக்க ஏலாத பிள்ளையைப் பற்றி ஒருவரும் எழுதக் காணவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள். அவளுக்கு நான் செய்த ஒரு காரியத்தைத்தான் எழுதப் போகிறேன்.

நான் இருப்பது ஒக்லண்டில், மவுண்ட் வெல்லிங்டனில், என் கடைசித் தம்பி வீட்டில். தம்பிக்கும் அவன் மனுசிக்கும் (நானும் அவவும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்) ஈஸ்ட் டாமாக்கிப் பக்கம் வேலை. அவன் சாமான் களஞ்சியத்தில், அவ பிஸ்கற் பெட்டி அடைக்கிற இடத்தில். ஷிஃப்ட் வேலை, ஒருவர் உள்ளே வர மற்றவர் வெளியே போவார். ஒரே மகள், தர்சினி. இரண்டு வயதில் இங்கே வந்தவள். அவளுக்கு ஐந்து வயதானபோது தம்பி என்னை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டான். பிள்ளையைப் பார்க்க அவர்களுக்கு ஆள் வேண்டும், கலியாணம் கட்டாத எனக்குப் போக ஒரு இடம் வேண்டும். அவளுக்கு நான் மாமி. இப்போது அவளுக்குப் பதினைந்து.

போன மாதம் அவளுடைய கொலிஜ்ஜில், இங்கே பெரிய வகுப்புப் பள்ளிக்கூடத்துக்கு அதுதான் பேர், ஒரு கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். வருட முடிவில் பெரிய சோதனை. வாயால் கேட்டால் எல்லாம் சொல்லுவாள், கேள்வித்தாளை வாசித்து முடிக்கமுன் மணி அடித்துவிடும். அப்படியான பிள்ளைகளுக்குக் கேள்வியை வாசித்துக்காட்ட ஒரு ஆளை விடுவார்களாம். அதற்கு எழுதிக் கேட்கவேண்டும். குறை சின்ன வயதிலிருந்தே இருந்தது, ஆங்கிலம் போதாமல் வந்ததில்லை என்று காட்டவேண்டும்.

இப்படியான பிள்ளைகளுக்கு உதவுகிற ரீச்சர் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து ஒரு கடதாசியை வாசித்தா. தம்பி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்.

"'தாய்மொழியில் தடையில்லாமல் வாசிக்கிறாள் என்று வீட்டார் சொல்கிறார்கள்' எண்டு எழுதியிருக்காம் அக்கா. எட்டு வயதிலை எழுதினது. அப்ப இது ஆங்கிலக் குறைதானே எண்டு மேலிடத்திலை கேப்பினமாம்."

வீட்டார் என்று எழுதியிருந்தது என்னைத்தான்.

2

இங்கே சின்னப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஒவ்வொரு நாளும் துணிப்பை ஒன்றில் ஒரு மெல்லிய கதைப்புத்தகம் கொண்டுவரும். வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டவேண்டும். கேட்ட ஆள், பையில் இருக்கிற சின்னக் கொப்பியில் கையெழுத்து வைக்கவேண்டும். பின்னேரத்தில் வீட்டில் நான் மட்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல் வாசிக்கத் தெரியாத நான், பிள்ளை ஆங்கிலம் வாசித்தது என்று நாள் தவறாமல் தமிழில் கையெழுத்து வைத்தேன். பள்ளிக்கூடத்தில் இது என்ன கிறுக்கல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவள் சோபாவில் காலை மடித்து வைத்துக்கொண்டு வாசிப்பாள். நான் பக்கத்தில் இருந்து உருளைக்கிழங்கு சீவுவேன். ஒருநாள் நாய்க் கதை. படம் வடிவாயிருந்தது. "இன்னொருக்கா வாசி பிள்ளை" என்றேன். வாசித்தாள். முதல் தரம் ஓடின நாய் இரண்டாந்தரம் அதே பக்கத்தில் நித்திரை கொண்டது. ரன், ஸ்லீப் இரண்டும் எனக்கும் தெரியும்தானே.

"முந்தி நாய் ஓடினது எல்லோ?"

"ஓடி ஓடி டயர்ட் ஆயிட்டுது மாமி" என்றாள், கண்ணை வெட்டாமல்.

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் வைத்தேன். ஆனால் அவள் எழுத்தை வாசிக்கவில்லை, படத்தைப் பார்த்துச் சொல்லுகிறாள் என்று கண்டுகொண்டேன். தமிழ் எழுத்தை அவளுக்குத் தொடக்கினவள் நான். விஜயதசமியன்று தட்டில் அரிசி பரப்பி விரலைப் பிடித்து எழுதுவித்தேன். மூன்று வருடமாகியும் 'ட'வைத் திருப்பிப் போடுவாள். இன்றைக்குப் பத்து எழுத்துச் சொன்னால் நாளை விடிய இரண்டு மிஞ்சும். அழுவாள். "எழுத்தெல்லாம் அசையுது மாமி" என்பாள். இரண்டு மொழியிலும் ஒரே கரைச்சல் என்று அந்த ஊரிலேயே தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். தாய் தகப்பனுக்கு அவளோடு இருந்து பார்க்க நேரமில்லை.

3

எங்கள் வீட்டுக்கு இது புதிதில்லை. நடுவிலண்ணைக்கும் இப்படித்தான். வாத்தியார் அவரை வாங்குப் பலகையில் ஏற்றி நிற்கவிடுவார். மண்டையில் ஒன்றும் ஏறாதவன், "மொக்கு" என்று பேர் வைத்தார். அந்தப் பேர் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. தண்ணி இறைக்கிற மிசினின் சத்தத்தைக் கேட்டே எதில் பழுது என்று சொல்லுவார், கழற்றிப் பூட்டுவார். கூப்பிட்டுக்கொண்டு போகிறவர்கள்கூட "மொக்கரைக் கூப்பிடு" என்றுதான் சொல்லுவார்கள். கோபம் வந்தால் நானும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். பிறகு வீட்டுக்கு வந்த இரண்டு கலியாணப் பேச்சு, "அந்தக் குடும்பத்திலை ஒரு மொக்கு இருக்காம், பிள்ளைகளுக்கும் வரும்" என்ற கதையில் குழம்பியது. அதில் ஒன்று எனக்கு வந்தது.

இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. நான் எதற்குப் பயந்தேன் என்று தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது.

ஒக்லண்டில் எங்கள் ஆட்கள் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், இந்தியப் பிள்ளைகள், மலேசியப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு மண்டபத்தில், ஹோலில். சரஸ்வதி பூசைக்கு வாசிப்புப் போட்டி வைப்பார்கள். எந்தப் பாடம் என்று இரண்டு கிழமைக்கு முதலே சொல்லிவிடுவார்கள். மற்றப் பிள்ளைகள் பேர் கொடுத்ததும் மச்சாள், "எங்கடை பிள்ளையும் வாசிக்கட்டும்" என்று பேரைக் கொடுத்துவிட்டா. நான் என்ன செய்யலாம்?

பாடமாக்க வைத்தேன். எங்கள் காலத்தில் எல்லாமே பாடமாக்கல்தானே. நான் சொல்ல அவள் சொல்லுவாள். இரண்டே நாளில் முழுப் பாடமும் வாயில் வந்துவிட்டது. அவளுக்குக் காது அப்படி. பிறகு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லப் பழக்கினேன். இன்ன சொல்லு வந்ததும் பக்கம் பிரட்டு, இந்த இடத்தில் கொஞ்சம் தடக்குப்படு, அப்போதுதான் வாசிக்கிறது போலிருக்கும் என்று தடக்குப்படவும் சொல்லிக்கொடுத்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு.

முதற்பரிசு. சனம் கைதட்டினது. தர்சினி மேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். முன்வரிசையில் இருந்த வசந்தா அம்மா திரும்பி, "என்ன உச்சரிப்பு! நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களா?" என்று கேட்டா. அவ மதுரைப் பக்கத்து ஆள், எல்லர்ஸ்லியில் வீடு. மகளும் தர்சினியும் பள்ளிக்கூடத்திலும் ஒரே வகுப்பு. "ஓம்" என்றேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

4

ஒரு மாதம்கூட இல்லை, பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பிள்ளையோடு பின்னேரத்தில் புத்தகம் பார்க்கிற ஆள் வரட்டும் என்று எழுதியிருந்தது. தம்பிக்கும் மச்சாளுக்கும் லீவு கிடைக்கவில்லை. எனக்கு மொழிபெயர்க்கப் பள்ளிக்கூடம் பிடித்துவிட்ட ஆள் வசந்தா அம்மாதான்.

பிள்ளைகள் இருக்கிற சின்னக் கதிரையில் என்னை இருத்தினார்கள். முழங்கால் நெஞ்சில் முட்டியது. ரீச்சர் வெள்ளைக்காரி, நல்ல மனுசி, என் கையைப் பிடித்துத்தான் கதைத்தா. தர்சினி கொஞ்சம் தள்ளிப் பாயில் இருந்து நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்ல என்ன மொழி பேசுறீங்கன்னு கேக்குறாங்கம்மா."

"என்னோடை தமிழ். தாய் தகப்பனோடை இரண்டும் கலந்து."

"தர்சினி தமிழ் வாசிப்பாளா, எழுத்துக்கூட்டக் கஷ்டப்படுறாளான்னு கேக்குறாங்க." சொல்லிவிட்டு வசந்தா அம்மா சிரித்தா. "நான்தான் பாத்தேனே, என்னமா வாசிச்சா! எம் பொண்ணு அழுதுட்டா, தர்சினிக்குப் பரிசு கிடைச்சிருச்சேன்னு. ஆனா நான் சொல்லக்கூடாது, நீங்கதான் சொல்லணும்."

ரீச்சர் பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தா. வசந்தா அம்மாவும் பார்த்தா. தர்சினியின் பென்சில் சத்தம் நின்றது.

இல்லை என்றால் பரிசு என்னவாவது? ஹோலில் என்ன கதை போகும்? அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளையை என்னவென்று கூப்பிடுவார்கள்? எல்லாம் ஒரு மூச்சுக்குள் வந்து போனது.

"ஓம். நல்லாய் வாசிப்பாள்."

"கஷ்டம் எதுவுமே இல்லையா?"

"ஒண்டுமில்லை."

ரீச்சர் எழுதினா. எழுதும்போது அவவின் முகம் தெளிந்ததைக் கண்டேன். இந்தப் பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் இப்படித்தான், ஆங்கிலம் வந்தால் வாசிப்பும் வரும் என்று சொன்னாவாம்.

ஒன்று சொல்லவேண்டும். அவர்களும் அதைத்தான் கேட்க விரும்பியிருந்தார்கள். அதே வகுப்பில் ரேச்சல் என்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, எங்கள் றோட்டுக்காரி, வாசிக்கமாட்டாள். தாய் மூன்றுதரம் போய்ச் சத்தம்போட, ஒரு தவணைக்குள் சோதித்து, பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஆள் விட்டார்கள். தர்சினியின் நிறத்தைப் பார்த்ததும் ஆங்கிலம்தான் குறை என்று முடிவாகிவிட்டது. டெய்ரி என்கிற மூலைக்கடை வாசலில் அவள் ரேச்சலோடு சண்டை பிடிக்கிற ஆங்கிலத்தை ஒரு நிமிடம் வந்து கேட்டிருந்தால் அப்படி நினைத்திருக்கமாட்டார்கள். அது அவர்களுடைய பிழை. ஆனால் அவர்கள் அரைவாசி நம்பியிருந்ததை முழுவதும் நம்பப்பண்ணினது என் வாய். ரேச்சலின் தாய் தன் பிள்ளைக்கு ஏலாது என்று உரத்துச் சொன்னா. நான் ஏலும் என்று மெல்லச் சொன்னேன்.

5

தர்சினியை நாட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளின் ஆங்கில வகுப்பில் விட்டார்கள். சமோவாவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள். அங்கே இவள்தான் திறமாகக் கதைக்கிறவள். ரீச்சருக்கு எடுபிடி வேலை செய்தாள். வாசிப்பு வரவில்லை.

வீட்டிலும் ஆங்கிலமே கதையுங்கள் என்று ஒரு கடிதம் வந்தது. தம்பி என்னிடம் வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அக்கா, குறை நினையாதையுங்கோ. கொஞ்ச நாளைக்கு அவளோடை தமிழ் கதைக்காமல் இருங்கோ. அவளின்ரை நன்மைக்குத்தான்."

கொஞ்ச நாள் ஒன்றரை வருடமாகியது. எனக்கு வாயில் வந்தது கம், ஈட், கோல்ட், ஷூஸ் போன்றவைதான். நாலு சொல்லில் ஒரு பிள்ளையோடு என்ன கதைக்கிறது? பின்னேரத்தில் அவள் வாசிப்பாள், நான் உருளைக்கிழங்கு சீவுவேன், "குட்" என்பேன், கையெழுத்து வைப்பேன். அதற்குள் அவள் தமிழில் பதில் சொல்லுகிற பழக்கத்தை விட்டுவிட்டாள். அது பிறகு முழுதாகத் திரும்பி வரவில்லை.

மச்சாள் நல்லவ. ஆனால் வேலைக் களைப்பு, பயம். றிப்போர்ட் வருகிற நாளில் அகப்பைக் காம்பை எடுப்பா.

"தமிழ் வாசிச்சுப் பரிசு வாங்கத் தெரியுது, இங்கிலீசு மட்டும் ஏலாதோ? பஞ்சி, சோம்பல்! எல்லாம் பஞ்சி!"

பிள்ளை என்னைப் பார்க்கும். நான் சொதி துழாவிக்கொண்டிருப்பேன். சொதியைத் துழாவாவிட்டால் பால் திரைந்துவிடும் என்று, உலகத்தில் வேறு வேலையில்லாதவள் போலத் துழாவிக்கொண்டிருப்பேன்.

பதினொரு வயதில் ஒரு ரீச்சர் வந்தா, இந்த நாட்டுப் பூர்வீக மாவோரிச் சனம். நாலு நாளில் கண்டுபிடித்துவிட்டா. எழுதுவதை நிற்பாட்டி, அவளை எல்லாப் பாடத்தையும் வாயால் சொல்லவிட்டுப் பார்த்தாவாம். சோதிக்க ஆளைக் கூப்பிட்டா. அவர்கள் இதற்கு ஒரு பேர் சொன்னார்கள், வேறு சிலர் அந்தப் பேரைப் பாவிக்கக்கூடாது என்றும் சொன்னார்கள். பேர் எதுவானாலும், பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஆள் வந்தது. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். உதவிதான் வந்துவிட்டதே, இனி ஏன் கிளறவேண்டும் என்று விட்டுவிட்டேன்.

6

இப்போது அந்தக் கொலிஜ் அறைக்கு வருகிறேன். தம்பி சொல்லி முடித்துவிட்டு, "நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரிதானே அக்கா? தமிழ் நல்லா வாசிச்சவள்தானே?" என்று கேட்டான். மச்சாளும், "ஓமோம், பரிசுகூட எடுத்தவள்" என்றா. தர்சினி மேசையைப் பார்த்தபடி இருந்தாள். அவள் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் அப்படியே விட்டால், பதினொரு வயதில் சோதித்த கடதாசி இருந்தும், சோதனைக்கு ஆள் வராது.

"இல்லை" என்றேன். "ஒரு எழுத்தும் நிக்கேல்லை. பாடமாக்கித்தான் விட்டனான். பக்கம் பிரட்டவும் நான்தான் பழக்கினனான். பள்ளிக்கூடத்திலை பொய் சொன்னனான்."

  தம்பி அதை ஆங்கிலத்தில் சொன்னான். என் பொய்யைச் சொல்ல அவனுக்கு இவ்வளவு சொல் தேவைப்பட்டதோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ரீச்சர் என்னை ஏசவில்லை. இதையெல்லாம் தமிழில் எழுதித் தரும்படியும், மொழிபெயர்ப்பித்து அந்த ஃபைலில் சேர்க்கலாம் என்றும் சொன்னா.

 வீட்டு வாசலில் கார் நின்றும் மச்சாள் இறங்காமல் இருந்தா.

"மூண்டு வருசம் மச்சாள். பஞ்சி பஞ்சி எண்டு அந்தக் கையிலை அடிச்சனே. நீங்கள் அடுப்படியிலைதானே நிண்டனீங்கள்."

"ஓம், நிண்டனான்."

"ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே."

 இன்றைக்குவரை அவ என்னோடு தேவைக்குத்தான் கதைக்கிறா. அது சரியானதுதான்.

தர்சினியிடம் நான் மன்னிப்புக் கேட்டது அடுத்தநாள், அவள் பள்ளிக்கூடத்தால் வந்து பாணில் ஜாம் பூசிக்கொண்டிருக்கும்போது. என் வாயில் வந்தது, "பிள்ளை, மாமி பிழை விட்டிட்டன்" மட்டும். அவள் கத்தியை வைத்துவிட்டு, தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாள்.

"நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தன் மாமி. பாயிலை. ரீச்சர் கேட்டதும் விளங்கினது, நீங்கள் சொன்னதும் விளங்கினது. அண்டைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது, இது ஒருத்தருக்கும் சொல்லக்கூடாத விசயம் எண்டு. அதுக்குப் பிறகு நானும் சொல்லேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு ஒரு துண்டு பாண் நீட்டினாள். நான் வாங்கினேன். 

உதவி பிந்தினதற்கு நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் சொன்ன பிறகுதான் விளங்கியது, அந்த மூன்று வருடமும் ஒரு சின்னப் பிள்ளை தன்னை ஒளித்து வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள், ஒளிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்.

7

பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். சோதனைக்கு ஆள் விடுவதாகப் பதில் வந்திருக்கிறது. தனி அறையில் இருத்தி வாசித்துக் காட்டுவார்களாம். மச்சாள் அந்தக் கடிதத்தைக் குளிர்ப்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறா.

உங்களுக்கு எழுதினதைத் தர்சினிக்கு இருத்தி வாசித்துக் காட்டினேன். வெளியில் தெரியக்கூடாது என்று அவளுக்கு வேறு பேர் போட்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "ஏன் மாமி பேரை மாத்தினீங்கள்?" என்றாள்.  பேனையால் வெட்டிவிட்டு எல்லா இடத்திலும் அவளுடைய பேரையே எழுதினேன். வெட்டுக் குத்துகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். இதைப் போடமுன் வசந்தா அம்மாவுக்கு ஒரு பிரதி அனுப்பிச் சரியோ என்று கேட்டுவிடுங்கள். விலாசம் தம்பி தருவான். எல்லர்ஸ்லி இங்கிருந்து தூரமில்லை, ஆனால் அவவின் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. அன்றைக்கு ரீச்சர் அரைமணி நேரமாவது கதைத்தா. எனக்கு மேலே எழுதின கேள்விகள்தான் ஞாபகம் இருக்கிறது. வேறு ஏதும் கேட்டாவோ, அதற்கும் நான் "ஒண்டுமில்லை" என்று சொன்னேனோ தெரியாது. இருந்தால் வசந்தா அம்மா எழுதி அனுப்பட்டும். பள்ளிக்கூடத்து ஃபைலில் அதையும் திருத்திக் கொடுக்கவேண்டும்.